பச்சையில் தெரியும் விலை: காசு ஏலத்தில் எதை நம்பலாம்?

ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் ஒரு பழைய காசு ஏலத்துக்கு வருகிறது. ஒருவர் 900 அமெரிக்க டாலர் வரை கொடுக்கத் துணிந்து, அந்தத் தொகையைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். மற்றவர்களில் அதிகம் கேட்டவர் 310-ல் நின்றுவிடுகிறார். எதிராளியைத் தாண்ட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் தளம் அவர் பெயரில் ஏற்றும் என்பதால் ஏலம் 315-க்கு முடியும். 900 என்ற எண் கடைசிவரை யார் கண்ணிலும் படாது. அதே காசு இன்னொரு நாள் வரும்போது, 900 வைத்தவருக்கு எதிரே 850 வைத்த ஒருவர் இருந்தால் 860-க்குப் போகும். காசு மாறவில்லை, தரமும் மாறவில்லை. எதிரே நின்ற ஆள்தான் மாறினார்.

காசுகளின் ஏல விலையைப் பற்றிய பேச்சை இங்கிருந்து தொடங்கினால்தான் மற்றதெல்லாம் புரியும். வென்றவர் அந்தக் காசை எவ்வளவுக்கு மதித்தார் என்று ஏலம் சொல்வதில்லை. தோற்றவர் எந்த இடத்தில் கையை விட்டார் என்று சொல்கிறது, அவ்வளவுதான். ஆகவே ஒரு விலையைப் பார்த்ததும் முதலில் தேட வேண்டியது தோற்றவரை. அவர் உண்மையான ஆளா? அடுத்து, வென்றவர் பணம் கட்டினாரா? அதற்கும் அடுத்து, அங்கே விற்ற காசும் உங்கள் கையில் இருக்கும் காசும் ஒன்றுதானா? இந்த மூன்றில் ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும் அந்த விலையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தோற்றவரைத் தேடுவது எப்படி? முடிந்த ஏலத்தில் ‘பிட்ஸ்’ என்ற, ஏலக் கேள்விகளின் எண்ணிக்கையைத் தட்டினால் யார் எப்போது எவ்வளவு கேட்டார் என்ற பட்டியல் வரும். பெயர்கள் நட்சத்திரக் குறிகளால் மறைக்கப்பட்டிருக்கும். ஆனாலும் ஓர் ஏலத்துக்குள் ஆளை ஆள் பிரித்துப் பார்க்க அது போதும். 27 கேள்விகள் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். எத்தனை தனித்தனி ஆட்கள் என்று எண்ணுங்கள். இரண்டே பேர் மாறி மாறி 27 முறை கேட்டிருந்தால், சாட்சி சொல்ல வந்தவர் ஒருவர்தான். ஐந்தாறு பேர் ஒரே உயரம் வரை வந்து நின்றிருந்தால் அந்த விலைக்குக் கீழே நல்ல தளம் இருக்கிறது என்று பொருள். முடிந்த விலையைவிட, மூன்றாவது நான்காவது ஆள் எங்கே நின்றார் என்பதைத்தான் நான் அதிகம் மதிப்பேன்.

விற்பனையாளரே ஆள் வைத்து விலையை ஏற்றிவிடும் ஏலத்துக்கு ஒரு சாயல் உண்டு. கேட்கிறவரின் கணக்கு புதியது. ஏலம் தொடங்கிய முதல் நாட்களிலேயே சிறு சிறு தொகையாக மேலே தள்ளுகிறார். எதிராளி வைத்திருக்கும் உச்சத்தை முட்டிப் பார்த்துவிட்டு, அதற்கு ஒரு படி கீழே நின்றுகொள்கிறார். கேட்கிறவரின் விவரத்தைத் திறந்தால், கடந்த 30 நாட்களில் அவர் கேட்ட கேள்விகளில் எத்தனை விழுக்காடு இதே விற்பனையாளரிடம் என்று தெரியும். பல பொருள்களைக் கேட்டிருக்கிறார், கேள்விகளில் பெரும்பகுதி ஒரே ஆளிடம், கேள்வியைத் திரும்பப் பெற்ற கணக்கும் இருக்கிறது என்றால் அந்த விலையை விட்டுவிடுங்கள். இதில் ஒன்றை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்லக்கூடாது. முதல்முறை ஏலம் கேட்கிறவர்களும் அப்படித்தான் ஐந்து ஐந்தாக ஏற்றுவார்கள். ஒரே வகைக் காசை ஒரே விற்பனையாளரிடம் தேடுகிற நேர்மையான சேகரிப்பாளரும் உண்டு. மூன்று அடையாளங்களும் சேர்ந்து வரும்போதுதான் சந்தேகம் வலுக்கிறது. கேட்டவர்களின் விவரமே காட்டப்படாத தனிப்பட்ட ஏலமாக இருந்தால் சோதிக்க வழியே இல்லை. அந்த விலைக்குக் கால் பங்கு மதிப்புக்கூட நான் தரமாட்டேன்.

இனி, பணம் கைமாறியதா என்ற கேள்வி. ஈபேயில் விற்றவற்றை மட்டும் வடிகட்டிப் பார்த்தால் விலை பச்சையில் தெரியும். அது ஏலம் முடிந்ததற்குச் சான்று. பணம் வந்ததற்குச் சான்று இல்லை. வாங்குகிறவர் நான்கு நாட்களுக்குள் கட்டாவிட்டால் விற்பனையாளர் அதை ரத்து செய்யலாம். ஆனால் அதற்குள் அந்த எண் பத்துப் பேரின் குறிப்பேட்டில் ஏறியிருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. காசின் மேல் இருக்கும் ஒரு கீறலையோ, விளிம்பில் ஒரு நிறக்கறையையோ, சான்றிதழ் எண்ணையோ மனத்தில் வைத்துக்கொண்டு, மூன்று நான்கு வாரங்கள் அதே விற்பனையாளரின் பட்டியலைப் பாருங்கள். அதே காசு மறுபடி வந்தால் முதல் விலை பொய்த்துவிட்டது.

பச்சை விலையின் மேல் குறுக்குக் கோடு விழுந்திருந்தால், விற்பனையாளர் கேட்ட விலைக்கு விற்கவில்லை, பேரம் பேசிக் குறைத்து வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கோடு போட்ட எண் கேட்ட விலை. உண்மையில் கைமாறிய தொகை அந்தப் பக்கத்தில் இருக்காது. விற்பனையாளர் கணக்கு வைத்திருப்பவர்கள் டெராபீக் என்ற ஈபேயின் சொந்த ஆய்வுக் கருவியில் அதைப் பார்க்கலாம். பொதுத் தேடலில் 90 நாள் பதிவுகள்தான் கிடைக்கும், டெராபீக்கில் சில ஆண்டுகள் பின்னால் போகலாம். காசு தேடுகிறவர்கள் ஒரு பொருளையாவது விற்பனைக்குப் போட்டு அந்தக் கருவியைத் திறந்துகொள்வது நல்லது.

இங்கே சிங்கப்பூரில் கேரோசல் என்ற விற்பனைச் செயலியைப் பார்த்து விலை சொல்கிறவர்கள் அதிகம். அதில் ‘விற்றது’ என்ற பட்டையை விற்பனையாளரே போடுகிறார். தொகையும் அவர் எழுதிய தொகைதான். 80 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று போட்டதை நேரில் 45-க்குக் கொடுத்திருக்கலாம், கொடுக்காமலே பட்டையைப் போட்டிருக்கலாம். ஃபேஸ்புக் குழுக்களில் பின்னூட்டம் வழியாக நடக்கும் ஏலங்கள் இதைவிட ஒரு படி மேல், ஏனென்றால் கேட்டவர்களின் முகமும் பழைய வரலாறும் தெரியும். ஆனால் இரவு 10 மணிக்கு முடிந்த ஏலத்தில் வென்றவர் மறுநாள் பின்வாங்கினால் அந்தச் செய்தி உள்பெட்டியோடு முடிந்துவிடும். குழுவில் விலை மட்டும் நிற்கும். குழு நிர்வாகி பின்வாங்கியவர்களின் பட்டியலை வெளியிடுகிறாரா என்று பாருங்கள். வெளியிடுகிற குழுவின் விலைகள் கொஞ்சம் நம்பத்தக்கவை.

சரி, பணம் கட்டினார் என்றே வைப்போம். எந்தப் பணம்? பெரிய ஏல நிறுவனங்களின் விலையைப் படிக்கும்போது அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான். சுத்தியல் விழுந்த தொகை, அதாவது ஏலத்தில் கடைசியாக நின்ற கேள்வி, 1,000 வெள்ளி என்று கொள்ளுங்கள். வாங்குபவர் மேற்கட்டணம் 20 விழுக்காடு என்றால் 1,200. இணைய ஏலத் தளம் வழியாகக் கேட்டதற்குத் தளக்கட்டணம் சுத்தியல் விலையில் 5 விழுக்காடு, ஆக 1,250. காப்புறுதியோடு அனுப்ப 40 வெள்ளி, ஆக 1,290. வெளிநாட்டிலிருந்து வருவதால் அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி 116.10. வாங்கியவர் கையைவிட்டுப் போனது 1,406.10 வெள்ளி. விற்றவருக்கு 10 விழுக்காடு தரகு போக வந்தது 900. ஒரே காசு, ஒரே நாள், ஒரே ஏலம். 900-மும் உண்மை, 1,000-மும் உண்மை, 1,200-மும் உண்மை, 1,406.10-மும் உண்மை. ஹெரிட்டேஜ் போன்ற நிறுவனங்கள் தங்கள் பழைய பதிவுகளில் மேற்கட்டணத்தையும் சேர்த்தே காட்டுகின்றன. வேறு பல நிறுவனங்களின் பட்டியல்களில் சுத்தியல் விலை மட்டும் இருக்கும். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுவிட்டு ‘விலை இறங்கிவிட்டது’ என்று பேசுவது அன்றாடம் நடக்கிறது. பதிவின் அடியில் இருக்கும் சிறு எழுத்தைப் படியுங்கள். விற்கப்போகிறவர் 900-ஐ வைத்துக் கணக்குப் போட வேண்டும், வாங்கப்போகிறவர் 1,406.10-ஐ வைத்து.

வரியில் இன்னொரு நுணுக்கம். முதலீட்டுத் தரத் தங்கம், வெள்ளிக்கு இங்கே 2012 அக்டோபரிலிருந்து வரிவிலக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டவர்கள் பழைய வெள்ளிக்காசுக்கும் அது பொருந்தும் என்று நினைத்துவிடுகிறார்கள். விலக்குக்கு வெள்ளி உலோகம் 99.9 விழுக்காடு தூய்மையாக இருக்க வேண்டும். சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய பழைய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியான நீரிணைக் குடியேற்றங்களின் டாலரில் வெள்ளி 90 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. அதனால் வரி உண்டு.

அந்த டாலரையே எடுத்துக்கொண்டு, ‘அதே காசுதானா’ என்ற கேள்விக்கு வருவோம். நாம் இங்கே டாலரை வெள்ளி என்று சொல்லிப் பழகியதே வெள்ளிக் காசுகள் புழங்கிய காலத்திலிருந்து வந்த வழக்கம். ‘நீரிணைக் குடியேற்றங்கள், ஒரு டாலர், ஏழாம் எட்வர்ட்’ என்று தேடினால் ஒரே முகம் கொண்ட காசுகள் வரிசையாக வரும். ஆனால் 1903, 1904 ஆண்டுக் காசு 26.95 கிராம். வெள்ளி உலோகத்தின் விலை ஏறி, காசின் உலோக மதிப்பு முகமதிப்பை எட்டத் தொடங்கியதால் 1907-ல் அதைச் சிறிதாக்கி 20.21 கிராமுக்குக் கொண்டுவந்தார்கள். ஐந்தாம் ஜார்ஜ் காலத்தில், 1919, 1920 ஆண்டுகளில் வந்தது 16.85 கிராம், அதிலும் வெள்ளி பாதிதான். ஆண்டைக் கவனிக்காமல் ‘பழைய டாலர் இவ்வளவுக்குப் போனது’ என்றால் அந்தப் பேச்சுக்குப் பொருளே இல்லை. ஆண்டுக்குப் பிறகு, காசை அடித்த நாணயச்சாலையின் குறி. 1907-ல் ஹீட்டன் நாணயச்சாலையின் ‘எச்’ எழுத்து உள்ளதும் இல்லாததும் தனித்தனிக் காசுகள்.

தரம் அதைவிடப் பெரிய பள்ளம். காசுகளைச் சோதித்துத் தரம் சொல்லும் நிறுவனங்களான பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டும் 1 முதல் 70 வரையிலான ஷெல்டன் அளவில் தரம் போடுகின்றன. 60-லிருந்து மேலே புழங்காத காசு. இந்த உயரத்தில் ஒரு எண் கூடினால் விலை இரண்டு மடங்காவது சாதாரணம். இந்த நிறுவனங்கள் முத்திரையிட்ட பிளாஸ்டிக் கூண்டில் அடைத்த காசு என்றாலே நல்ல காசு என்றும் எண்ணிவிடக்கூடாது. சீட்டில் ‘டீடெய்ல்ஸ்’ என்ற சொல் இருந்தால், துலக்கியது, கீறியது, துளையை அடைத்தது என ஏதோ ஒரு குறை இருக்கிறது. பிரேஸ்லெட்டிலோ மாலையிலோ கோத்திருந்த காசுகள் நம் வீடுகளில் நிறைய இருக்கின்றன. வளையத்தை எடுத்துவிட்டு விளிம்பைத் தேய்த்துச் சரிசெய்திருப்பார்கள். அவற்றுக்கு முழுத்தரக் காசின் விலையைப் பொருத்துவது வீண் ஆசை. கூண்டில் இல்லாத காசை விற்பனையாளர் ‘புழங்காதது’ என்று எழுதியிருந்தால், படம் என்ன ஒளியில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். நேர் மேலிருந்து விழும் தட்டையான ஒளியில் துலக்கிய மெல்லிய கோடுகள் மறைந்துவிடும்.

சான்றிதழ் எண்ணை அந்தந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் போட்டுச் சரிபாருங்கள். எண் இருந்தால் மட்டும் போதாது. போலிக் கூண்டு செய்கிறவர்கள் உண்மையான காசின் எண்ணைத்தான் நகலெடுக்கிறார்கள். அங்கே படம் இருந்தால், காசின் மேலுள்ள சிறு கறைகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

விலை குறைவாக இருந்தால் அது உண்மையாகத்தான் இருக்கும், உயர்ந்த விலைதான் பொய் என்று பலரும் நம்புகிறார்கள். தாழ்ந்த விலையும் பொய் சொல்லும். 1895 முதல் 1935 வரை வந்த பிரிட்டிஷ் வர்த்தக டாலரில் போலிகள் ஏராளம். படத்தைப் பார்த்தே போலி என்று கண்டுகொண்ட அனுபவசாலிகள் விலகிவிடுவார்கள், தெரியாத ஒருவர் 30 வெள்ளிக்கு எடுப்பார். அந்த 30 வெள்ளி ‘வர்த்தக டாலர் விற்ற விலை’ என்று பதிவில் ஏறிவிடும். உங்களிடம் இருப்பதைச் சோதிக்க 0.01 கிராம் தராசும் ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரும் போதும். குவளையைத் தராசில் வைத்துச் சுழியாக்கிவிட்டு, 26.95 கிராம் காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் நீரில் தொங்கவிட்டால் தராசு ஏறத்தாழ 2.6 கிராம் காட்ட வேண்டும், ஏனென்றால் 90 விழுக்காடு வெள்ளிக் கலவையின் அடர்த்தி 10.3. மூன்று கிராம் காட்டினால் உள்ளே செம்பு-நிக்கல் வகை உலோகம் இருக்கிறது. காசில் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தவறும், அதனால் நீரில் லேசாக ஆட்டிவிட்டு அளக்க வேண்டும்.

தலைப்பில் எழுத்துப்பிழை, மங்கலான படம், சிங்கப்பூருக்கு அனுப்பமாட்டோம் என்ற நிபந்தனை, ஆள் தூங்கும் நேரத்தில் முடியும் ஏலம் ஆகியவையும் விலையைக் கீழே இழுக்கும். அமெரிக்க விற்பனையாளர்கள் பலர் ஞாயிறு மாலையில் முடியுமாறு வைப்பார்கள். அந்நாட்டு மேற்குக் கரையில் மாலை 6 மணி என்பது நமக்குத் திங்கள் காலை 9 அல்லது 10. கூட்டம் இருந்த ஏலம் அது. புதன் அதிகாலை அங்கே முடிந்ததை அதோடு சமமாக வைக்காதீர்கள்.

உலோக மதிப்பைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டால் பல குழப்பங்கள் தீரும். ஒரு டிராய் அவுன்ஸ் 31.1035 கிராம். 1904 டாலரில் இருக்கும் தூய வெள்ளி 0.78 அவுன்ஸ், 1907-ன் காசில் 0.585, 1920-ன் காசில் 0.271. அவுன்ஸ் விலை 20 வெள்ளி ஏறினால் முதல் காசின் அடிவிலை 15.60 ஏறும், கடைசிக் காசுக்கு 5.42-தான். தேய்ந்துபோன 1904 டாலரின் விலையில் பெரும்பங்கு உலோகம்தான் என்பதால், உலோக விலை குதித்த பிறகு பழைய ஏலப் பதிவுகள் அதற்கு உதவாது. உலோகத்தைப்போல் பத்து மடங்குக்குப் போகும் உயர்தரக் காசுக்கு அந்தக் கவலை இல்லை.

பதிவுகளைச் சேர்க்கும்போது சராசரி போடாதீர்கள். எடுத்துக்காட்டாக ஒரே ஆண்டு, ஒரே தரத்தில் ஆறு விற்பனை: 240, 255, 260, 270, 285, 610 வெள்ளி. சராசரி 320. அந்த ஆறில் ஐந்து காசுகள் 320-ஐத் தொடவே இல்லை. நடுவில் நிற்கும் இரண்டின் மையம் 265, இதுதான் உங்கள் எண். 610-ஐ அழித்துவிட வேண்டாம், தனியே எழுதிவையுங்கள். அந்தக் காசில் காலப்போக்கில் படிந்த அழகான நிறம் இருந்ததா, பிடிவாதக்காரர் இருவர் மோதினார்களா என்று பார்க்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு வரியிலும் தேதி, இடம், சுத்தியல் விலையா மொத்த விலையா, தரம், சான்றிதழ் எண், கேட்ட ஆட்களின் எண்ணிக்கை ஆகியவை இருக்கட்டும். வெளிநாட்டு நாணயத்தை விற்ற நாளின் மாற்று விகிதத்தில் வெள்ளியாக்குங்கள். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் பக்கத்தில் பழைய விகிதங்கள் கிடைக்கும்.

இந்தியக் காசுகளுக்கு இந்தக் கணக்கு நேராகப் பொருந்தாது. அங்கே 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே மும்பை ஏலத்தில் ஒரு விக்டோரியா ரூபாய்க்குக் கேட்டவர்கள் எல்லாரும் அங்கேயே வைத்துக்கொள்பவர்கள். ஏற்கெனவே வெளிநாட்டில் இருக்கும் அதே ரூபாய் லண்டனிலோ இங்கேயோ வேறு கூட்டத்தின் முன் நிற்கிறது. இரண்டும் இரு சந்தைகள். ஊரிலிருந்து வரும்போது பையில் போட்டுக்கொண்டு வந்து இங்கே விற்கலாம் என்ற யோசனை சட்டத்தில் மாட்டிவிடும்.

ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக்காசை ‘ஆயிரம் ஆண்டு அபூர்வம்’ என்று நூற்றுக்கணக்கான வெள்ளிக்குப் போடுகிறார்கள். பழைமை வேறு, அபூர்வம் வேறு. அந்தச் செப்புக்காசு தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைத்தது. விற்றவற்றைத் தேடினால் பெரிய விலை நிற்காது. வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘வைஷ்ணோ தேவி ஐந்து ரூபாய்க்குப் பல லட்சம்’ என்ற காணொளிகளுக்குப் பின்னால் ஏலமே இல்லை. ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டுப் பழைய காசு வாங்குவதாகச் சொல்லி கட்டணமும் தரகும் வரியும் கேட்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. பெரியம்மா அனுப்பினார், மாமா அனுப்பினார் என்று தயங்காமல், விற்பவரிடம் முன்பணம் கேட்பவர் வாங்க வரவில்லை என்பதை அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஆண்டுக்கு ஒருமுறைகூட வராத காசுகள். நடு எண் எடுக்க ஆறு விற்பனை கிடைக்காது. அப்போது ஏல நிறுவனத்தின் முடிவுப் பட்டியலில் பொருள் எண்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். 412-க்குப் பிறகு 415 என்றால் 413, 414 பெரும்பாலும் விற்காமல் போனவை. அவற்றின் மதிப்பீடு என்ன என்று பழைய பட்டியலில் தேடினால், எந்த விலைக்கு ஆள் இல்லை என்பது தெரியும். அதுவும் ஒரு விலைச் செய்திதான், விற்ற விலைகளைவிடச் சில நேரம் தெளிவானது. அடுத்து சான்றிதழ் எண்ணை வைத்து ஏசர்ச் (acsearch), காயின்ஆர்கைவ்ஸ் (CoinArchives) போன்ற இணைய ஏலப் பதிவகங்களில் தேடுங்கள். ஏசர்ச்சில் விலை பார்க்கச் சந்தா வேண்டும், படமும் விவரமும் இலவசம். அதே காசு வெவ்வேறு ஆண்டுகளில் இருமுறை விற்றிருந்தால் தரமா, கறையா, போலியா என்ற கேள்விகள் எல்லாம் விலகிவிடும். மிஞ்சுவது காலமும், கூட்டமும். இரண்டாம் முறை குறைந்த விலைக்குப் போயிருந்தால், முதல் முறை வென்றவரோடு மோதிய ஆள் இப்போது தன் காசை வாங்கி முடித்துவிட்டார் என்று கொள்ளுங்கள். உங்கள் காசுக்கு அந்த இரண்டாம் விலையிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.